மச்சான் சொல்லுகத கேட்டு ஹைட்ரஜன் காருக்கு காத்திருக்கணுமா, இல்ல ஈவி (பேட்டரில ஓடுற கரண்ட் கார்) எடுத்துரலாமா?

தக்கலைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். தக்கலைல இருந்து நாரோயிலுக்கு டெய்லி வேலைக்கு போய் வாறவன், மாசம் ரெண்டு தடவ அம்மாவ திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போகணும், அவ்வளவுதான் ஓட்டம். பழைய பெட்ரோல் வண்டிய தள்ளிட்டு ஈவி ஒண்ணு பாத்து வச்சாச்சு, அட்வான்ஸ் குடுக்க போற நேரத்துல சவுதில இருந்து லீவுக்கு வந்த மச்சான் குறுக்க விழுந்துட்டான். "பேட்டரி எல்லாம் இன்னும் ரெண்டு மூணு வருசம் தான், இனி ஹைட்ரஜன் ஆக்கும், 2022-ல மத்திய மந்திரி கட்கரி டொயோட்டாவோட ஹைட்ரஜன் கார் மிராய்ல ஏறி பார்லிமெண்டுக்கே போனாரே பாக்கலியா, அஞ்சு நிமிசத்துல நிறைச்சா 600 கிலோமீட்டர் ஓடும், பொகைக்கு பதிலா தண்ணி தான் வரும்"னு சொல்லுகான். வீட்டுக்காரிக்கு அவ அண்ணன் சொன்னா வேதவாக்கு. விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

ஆரல்_காத்தாடி:
மச்சான் மிராய் பத்தி சொன்னதுல பொய் ஒண்ணும் இல்ல, ஆனா பாதிய விட்டுட்டாரு. நான் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் கரண்ட் எடுக்குற காத்தாடி மெயின்டனன்ஸ்ல இருக்கேன், அதனால யூனிட் கணக்குலயே சொல்லுதேன். தண்ணிய கரண்டால பிரிச்சு ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க சுமாரா 50-55 யூனிட் வேணும், அதை அமுக்கி குளுர வச்சு வண்டில ஏத்த இன்னும் கொஞ்சம். அந்த ஒரு கிலோவ வச்சு மிராய் ஓடுறது நூறு, மிஞ்சினா நூத்திப்பத்து கிலோமீட்டர். அதே 55 யூனிட்ட நேரா பேட்டரில ஏத்தினா அதே சைஸ் வண்டி 300 கிலோமீட்டர் பக்கம் போயிரும், சின்ன வண்டின்னா இன்னும் கூட. ஹைட்ரஜன் காருக்குள்ள ஓடுறதும் கரண்ட் மோட்டார் தான் பாத்துக்கிடுங்க, நடுவுல கரண்ட கேஸாக்கி, கேஸ திரும்ப கரண்டாக்கி, ஒவ்வொரு எடத்துலயும் சூடா போயிருது. நாரோயிலுக்குள்ளயே வடசேரில இருந்து கோட்டாறுக்கு போறதுக்கு, கேரளா பார்டர்ல உள்ள களியக்காவிளை சுத்தி போன கதை. மூணு காத்தாடி சுத்தி ஒரு காத்தாடி வேலை வாங்குறத பாத்தா எங்களுக்கு வயிறு எரியும்.

இதுவும் காத்துல வர்ற கரண்ட்ல எடுத்தா தான். இப்ப உலகத்துல எடுக்குற ஹைட்ரஜன்ல முக்காவாசிக்கு மேல இயற்கை எரிவாயு, நிலக்கரில இருந்து தான் வருது, அப்போ சைலன்சர்ல தண்ணி சொட்டினாலும் பொகை வேற எங்கயோ போயிட்டு தான இருக்கு.

குழித்துறை_டு_கலிபோர்னியா:
நான் இருக்கது சான் ஹோசே பக்கம். கூட வேலை செய்யுத ஒருத்தன் மிராய் லீசுக்கு எடுத்தான், கம்பெனியே 15,000 டாலருக்கு பியூயல் கார்டு குடுத்தாங்க, பய ஆபீஸ் பூரா சொல்லிட்டு திரிஞ்சான். வண்டி உண்மையிலேயே கொள்ளாம், சத்தமே இல்ல. ஆனா நிறைக்க போறதுக்கு முந்தி போன்ல பாக்கணும், எந்த பங்க் இண்ணைக்கு உயிரோட இருக்குன்னு. போனா முன்னால நாலு வண்டி நிக்கும், ஒரு வண்டிக்கு அடிச்சதும் பம்புக்கு திரும்ப பிரஷர் ஏறணும், அந்த அஞ்சு நிமிசம் எல்லாம் முதல் ஆளுக்கு மட்டும் தான். கேஸ மைனஸ் 40 டிகிரி வரைக்கும் குளுர வச்சு ஏத்துறதால சிலநேரம் நாசில் வண்டியோட ஐஸ் கட்டி ஒட்டிக்கிடும், அது விடுற வரைக்கும் கைய கட்டிட்டு நிக்கணும் (நம்ம ஊரு ஈரக்காத்துல என்ன ஆகும்னு நெனச்சு பாருங்க). விலை? 2024 வாக்குல கிலோ 36 டாலர் வரைக்கும் போச்சு, மிராய் டேங்க் 5.6 கிலோ, ஒரு தடவ ரொப்ப 200 டாலர். அதே வருசம் பிப்ரவரில ஷெல் இங்க கார்களுக்கான ஹைட்ரஜன் பங்குகளையே மூடிட்டாங்க. கார்டு தீந்ததும் அவன் வண்டிய திருப்பி குடுத்துட்டு இப்ப ஈவில வாறான், நாங்களும் அத பத்தி கேக்கது இல்ல.

பணகுடி_அண்ணாச்சி:
எங்க ஊருக்கு பக்கத்துல தான் மகேந்திரகிரி, இஸ்ரோ அங்க கிரையோஜெனிக் ராக்கெட் எஞ்சின் டெஸ்ட் பண்ணும்போது ஊரே அதிரும். அதுல எரியுறது திரவ ஹைட்ரஜன், மைனஸ் 253 டிகிரில வைக்கணும். காருல திரவமா வைக்க மாட்டாங்க, கேஸாவே 700 பார் பிரஷர்ல அமுக்குவாங்க. சிஎன்ஜி ஆட்டோவுல 200 பார் தான் தம்பி, கார் டயருல ரெண்டே சொச்சம். அதுக்கு கார்பன் பைபர் சுத்தின டேங்க் வேணும், கேஸ கரண்டாக்குற பியூயல் செல்லுக்குள்ள பிளாட்டினம் பூசின தகடு வேணும், விலை எப்படி எறங்கும்? ஹைட்ரஜன் ரொம்ப பொடி மூலக்கூறு, சின்ன சந்து கிடைச்சாலும் ஒழுகும், சில இரும்ப நொறுங்க வச்சிரும், பத்திக்கிட்டா பகல்ல தீயே கண்ணுக்கு தெரியாது. ராக்கெட்டுக்கு அத பாத்துக்க ஒரு படையே இருக்கு, திங்கள்சந்தை பங்க்ல யாரு இருக்கா.

வடசேரி_வாத்தியார்:
எல்லாரும் சேந்து ஹைட்ரஜன போட்டு மிதிக்காதீங்க. ஆடி மாசம் காத்து அடிக்கும்போது கரண்ட் எடுக்க ஆளில்லாம காத்தாடிய நிறுத்தி வைக்கது உண்டா இல்லியா? அத ஹைட்ரஜனா சேத்து வச்சா என்ன நட்டம்? 2023 ஜனவரில மத்திய அரசு 19,744 கோடிக்கு பசுமை ஹைட்ரஜன் (காத்து, வெயில் கரண்ட்ல எடுக்குறது) திட்டம் போட்டிருக்கு, தூத்துக்குடி துறைமுகமும் அந்த வேலைல எறங்கியாச்சு, கொச்சி ஷிப்யார்டு பியூயல் செல் படகே கட்டி விட்டாச்சு. பேட்டரிய வச்சு கப்பல் ஓட்டுவியளா?

ஆரல்_காத்தாடி:
வாத்தியாரே, நிறுத்தி வைக்கது உண்டு, ஒத்துக்கிடுதேன். சேக்க வேண்டாம்னு யாரு சொன்னா, காருல ஊத்தாதீங்கன்னு தான் சொல்லுதேன். ஏற்கெனவே உரத்துக்கு அமோனியா செய்யவும் ரிபைனரிக்கும் டன் டன்னா ஹைட்ரஜன் வேணும், அதை இப்ப இயற்கை எரிவாயுல இருந்து எடுக்காங்க. முதல்ல அங்க குடுங்க, பொறவு கப்பலுக்கு. தக்கலைக்காரர் அம்மாவ ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போறது கப்பல்ல இல்லியே.

தக்கலைக்காரன்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். குழித்துறைக்காரரு எழுதினத மச்சானுக்கு வாசிச்சு காட்டினேன், கொஞ்ச நேரம் பேசல, பொறவு "அது அமெரிக்கா, இங்க அப்படி வராது"ன்னான். இங்க வண்டியே விக்க வரல மச்சான், பங்க் எங்க இருந்து வரும்னு வீட்டுக்காரி தான் கேட்டா! அட்வான்ஸ் நாளைக்கு. வீட்டு போர்ச்சுல ஏசிக்கு போட்ட 15 ஆம்ப் பிளக் ஒண்ணு இருக்கு, அதுலயே சார்ஜ் போட்டா போதுமா? சாயங்காலம் வோல்டேஜ் கொஞ்சம் எறங்கும்.

ஆரல்_காத்தாடி:
உங்க ஓட்டத்துக்கு அதுவே தாராளம், ராத்திரி பத்து மணிக்கு மேல போடுங்க. ஆனா பிளக்ல எர்த் ஒழுங்கா இருக்கான்னு எலக்ட்ரீசியன வச்சு பாத்துட்டு போடுங்க, எர்த் சரியில்லன்னா நிறைய வண்டி சார்ஜே எடுக்காது. அப்படியே வயரு எத்தன எம்எம்னும் கேட்டுருங்க.