புதுப்பிப்பு: டியூப்லைட் வெளிச்சத்தில் வீடியோவில் ஓடிய பட்டைகள் – தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் ரொம்ப நன்றி. விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இறுதியாண்டுக் குறும்படத்துக்கு விடுதி அறையில் எடுத்த காட்சிகளில் நிழல் பட்டை பட்டையாக ஓடுகிறது என்று கேட்டிருந்தேன்.

கேமராவின் ஷட்டர் வேகத்தை (வீடியோவின் ஒவ்வொரு படமும், அதாவது ஃபிரேமும், வெளிச்சம் வாங்கும் நேரம்) 1/60 விநாடியிலிருந்து 1/50 விநாடிக்கு மாற்றச் சொன்ன யோசனைதான் பலித்தது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் வைத்த பழைய டியூப்லைட் விநாடிக்கு 100 முறை மினுங்கும். 1/50 வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் சரியாக இரண்டு மினுக்கம் விழுந்து வெளிச்சம் சமமாகிவிடுகிறது. கேமராவை PAL முறைக்கு (50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான வீடியோ அமைப்பு) மாற்றி விநாடிக்கு 25 ஃபிரேமில் எடுத்தோம். 1/100-உம் சரியாகவே வந்தது.

எதிர்பாராதது ஒன்று: டிம்மர் உள்ள எல்இடி மேசை விளக்கு மட்டும் அப்போதும் மினுங்கியது. முழு வெளிச்சத்தில் வைத்ததும் நின்றுவிட்டது.

எடிட்டில் சரிசெய்யும் யோசனை எங்களுக்குப் பலன் தரவில்லை. அதனால், முகத்தில் பட்டை விழுந்த ஷாட்களை மறுபடி எடுத்தோம்.