மோல்மேன் பயணம்: தாத்தாவின் புத்தகத்துக்கு ஒரு நல்ல பிரதி வேண்டும்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் யாங்கோனில் இருக்கிறேன். போன மாதம் எங்கள் சபையிலிருந்து ஆறு பேர் தெற்கே மோல்மேன் ஊர்ப் பக்கத் தமிழ்க் குடும்பங்களைப் பார்க்க ஊழியத்துக்குப் போனோம். ரயிலில் படிக்க இரண்டு புத்தகங்கள் எடுத்துப் போனேன்.

ஒன்று வேதாகமத்தைப் பர்மிய மொழிக்குக் கொண்டுவந்த அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயரின் வாழ்க்கை, பர்மிய மொழியில். 1824இல் அவரை அப்போதைய பர்மியத் தலைநகர் ஆவாவில் சிறையில் போட்டபோது புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் பிரதியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் காப்பாற்றினார்களே, அந்த இடம் வந்ததும் என் பையைத் தலைக்கு வைத்துப் படுக்கவே கூச்சமாகிவிட்டது. முழு வேதாகமத்தை அவர் 1834இல் முடித்தது இதே மோல்மேனில்தான்.

இன்னொன்று தாத்தாவின் இரட்சணிய யாத்திரிகம். ஜான் பனியன் ஆங்கிலத்தில் எழுதின மோட்சப் பிரயாணக் கதையைக் கிருஷ்ணபிள்ளை தமிழ்க் காப்பியமாகப் பாடினது, 1894இல் வந்தது. பயணி சேற்றில் மாட்டித் தவிக்கிற இடத்தில் தாத்தா பென்சிலால் கோடு போட்டிருக்கிறார், ஓரத்தில் வெற்றிலைச் சுண்ணாம்புக் கறை. நானும் ஒரு காலத்தில் விசுவாசம் ஆடிப்போய் நின்றவன், அதனால் அந்தப் பக்கத்தைத் தாண்ட வெகுநேரம் ஆனது. அதற்கு அப்புறம் பாதிக்கு மேல் கரையான் தின்றுவிட்டது.

சரி, உதவிக்கு வருகிறேன். பதவுரையோடு உள்ள முழுப் பதிப்பு யாரிடமாவது இருக்கிறதா? ஸ்கேன் பிரதி என்றாலும் போதும். ஜட்சன் வாழ்க்கை எளிய தமிழில், பெரிய எழுத்தில் கிடைக்குமா? இங்கே பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், வாசிக்கத்தான் எழுத்துக் கூட்டுகிறார்கள். சென்னையிலிருந்து யாராவது வருவதாக இருந்தால் தபால் செலவோடு பணம் தந்துவிடுகிறேன்.