காரல் மீன் இனம் பிரிப்பதில் சிக்கல், அவசர உதவி தேவை

அலைவாய்: வணக்கம். காரல் மீன்களை இனம் பிரித்துக்கொண்டிருக்கிறேன். கோரைப்பல் இல்லை, அதனால் காஸா பேரினம் இல்லை என்று தள்ளிவிட்டேன். லையோக்னாதஸ் பேரினம் என்று வைத்துக்கொண்டு கீயில் (அடையாளங்களைப் படிப்படியாகப் பார்த்து இனம் கண்டுபிடிக்கும் பட்டியல்) போனால் அடுத்த எந்த வரியும் ஒத்துவரவில்லை. உடல் நல்ல அகலம், முதுகைவிட வயிறுதான் அதிகம் புடைத்திருக்கிறது. திங்கட்கிழமை ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டும். என்ன மீன் என்று யாராவது சொல்லுங்களேன்.

நெய்தல்காரன்: எந்தக் கடல், எந்த ஊர்? நீளம் எவ்வளவு? படம் போட்டிருக்கலாமே.

சாளை77: பச்சை மீனா, கெடாமல் வைக்கும் ஃபார்மலின் கரைசலில் கிடந்ததா? இதைச் சொல்லாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

இரவுக்கடல்: வயிற்றைத் திறந்து உணவுக்குழாயைப் பாருங்கள். இரைப்பைக்குச் சற்று முன்னால் வளையம்போல ஒரு திசு சுற்றியிருக்கும். அதுதான் ஒளி உறுப்பு. உள்ளே ஒளிரும் பாக்டீரியா குடியிருக்கிறது. மண்டபம் ஊரின் பெயரிலேயே ஃபோட்டோபாக்டீரியம் மண்டபமென்சிஸ் என்று ஒன்று உண்டு. அந்த வளையத்தின் அளவை வைத்தே முடிவுக்கு வந்துவிடலாம்.

நெய்தல்காரன்: காரல் குடும்பம் முழுக்க அந்த வளையம் உண்டு ஐயா. பல இனங்களில் ஆணுக்குப் பெரிது, பெண்ணுக்குச் சிறிது. ஆணா பெண்ணா என்று பிரிக்க உதவும், பேரினத்தை அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

இரவுக்கடல்: வளையம் மட்டும் இல்லை, வெளிச்சம் வெளியே வரும் வழியையும் பார்க்க வேண்டும். ஃபோட்டோபெக்டோராலிஸ் பிண்டஸ் என்ற காரல் இனத்தின் ஆணுக்கு மார்புத்துடுப்பின் அடியில் கண்ணாடிபோல ஒரு திட்டு இருக்கும். ஈக்வுலைட்ஸ் என்ற பேரினத்தின் ஆண்களுக்கு அது விலாப் பக்கம். பேரினம் பிரிக்க இதெல்லாம் நல்ல அடையாளம்தான்.

மூத்த_வகைப்பாட்டாளர்: இதே கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியாயிற்று. தேடிப் படிக்கும் பழக்கம் வர வேண்டும். உங்கள் கீயில் காஸா, செக்யூட்டர், லையோக்னாதஸ் என்று 3 பேரினம் மட்டும் இருந்தால் அது பழைய கீ. 2007, 2008 ஆண்டுகளில் லையோக்னாதஸிலிருந்து நுகெகுவுலா, காரல்லா எல்லாம் தனியாகப் போய்விட்டன. செக்யூட்டருக்கு இப்போது டெவெக்சிமெண்டம் என்று பெயர். அடிப்படை தெரியாமல் ப்ராஜெக்ட் எடுத்தால் இப்படித்தான் நிற்க வேண்டும்.

வலைக்காரி: தம்பிக்கு அவசரம், திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் எல்லாமே காரல்தான். பெரிது குழம்புக்கு, பொடி கருவாட்டுக்கு, மிச்சம் கோழித்தீவனத்துக்கு. பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் சுரக்கும் என்று காரல் குழம்புதான் வைத்துக் கொடுப்போம்.

மூத்த_வகைப்பாட்டாளர்: இது வகைப்பாட்டு இழை. சமையலுக்கு வேறு இழை இருக்கிறது.

வலைக்காரி: வலையிலிருந்து அந்த மீனைப் பிரித்துக் கொடுப்பதே நாங்கள்தான். தோலில் கொழகொழவென்று சளி வழியும், துடுப்பு முள்ளை நிமிர்த்திப் பூட்டிக்கொண்டு வலைக்கண்ணில் மாட்டிக்கொள்ளும். கையில் குத்து வாங்கியவர்களுக்கும் மீனைப் பற்றிச் சொல்ல இருக்கும்.

சாளை77: அக்கா சொல்வது சரி. முதுகுத்துடுப்பிலும் குதத்துடுப்பிலும் அந்த முள் பூட்டு இருப்பது இந்தக் குடும்பத்தின் அடையாளங்களில் ஒன்று. ஆனால் பெயரை மாற்றிக்கொண்டே போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மீன்பிடிக் கணக்கில் இன்றும் எல்லாக் காரலும் ஒரே தலைப்பில்தான் ஏறுகின்றன. மீன் ஆய்வாளர் பி.எஸ்.பி.ஆர். ஜேம்ஸ் இந்தியக் கடல்களின் காரல்களை எழுதிய காலத்துப் பெயர்களே கையில் எடுத்து வேலை செய்ய வசதி.

மூத்த_வகைப்பாட்டாளர்: வசதிக்காக வகைப்பாடு செய்வதில்லை. மரபணுவும் ஒளி உறுப்பின் அமைப்பும் சேர்ந்தே பிரிவைக் காட்டுகின்றன.

சாளை77: அதை மறுக்கவில்லை. ஒரே இறங்குதளத்தில் பழைய பெயரும் புதிய பெயருமாக ஆளுக்கொன்று எழுதினால் பத்து வருடக் கணக்கை எப்படி ஒப்பிடுவது? அதுதான் என் கவலை.

நெய்தல்காரன்: அந்த விவாதம் தனியாக நடக்கட்டும். அலைவாய், பல்லுக்கு அடுத்து வாயைப் பாருங்கள். காரலின் வாய் குழாய்போல வெளியே நீளும். மூடியிருக்கும்போது பார்த்தால் ஒன்றும் புரியாது. மேல்தாடையை இடுக்கியால் மெதுவாகப் பிடித்து முழுக்க இழுங்கள். குழாய் கீழ்நோக்கிப் போனால் லையோக்னாதஸ் பக்கம், மேல்நோக்கிப் போனால் டெவெக்சிமெண்டம். வயிறு அதிகம் புடைத்திருக்கிறது என்று நீங்கள் சொன்னதும் எனக்கு இரண்டாவதுதான் தோன்றியது. ஃபார்மலினில் வாய் மூடியபடி விறைத்துப்போன மீனை வலுக்கட்டாயமாக இழுக்காதீர்கள், கிழிந்துவிடும். பச்சை மீன் ஒன்று வாங்கிப் பாருங்கள்.

மேல்நோக்கிப் போனால் அடுத்து கன்னம். கன்னத்தில் செதில் இருந்தால் ருகோனியஸ் இனம், வெறுமையாக இருந்தால் இன்சிடியேட்டர் இனம். செதில் மிகப் பொடியானது, சளியோடு உதிர்ந்தும் போகும். ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்துவிட்டு, லென்ஸ் வைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கண்ணுக்குக் கீழிருந்து தாடைவரை போகும் கறுப்புக் கோடு இரண்டுக்குமே உண்டு, அதை நம்பிப் பிரிக்காதீர்கள்.

அலைவாய்: பாம்பன் இழுவலை மீன், ஃபார்மலினில் இருந்தது. இன்று கரையில் பச்சை மீன் வாங்கி இழுத்தேன், வாய் மேலேதான் போகிறது. கன்னத்தில் செதில் இருக்கிறது. ருகோனியஸ் என்று எழுதிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

நெய்தல்காரன்: நல்லது. இரண்டும் ஒரே வலையில் கலந்து வரும். ஃபார்மலினில் உள்ள மீன்களின் கன்னத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டீர்களா?

சாளை77: உடலின் பக்கவாட்டில் நீளவாக்கில் ஓடும் பக்கக்கோடு எங்கே முடிகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பேரினப் பெயர் எதைப் போட்டீர்கள், செக்யூட்டரா டெவெக்சிமெண்டமா?