‘திண்ணை வீடு’ குழு, ஞாயிறு இரவு

மல்லிகா 8:04
பெரியப்பா, அவசரம். யாழினிக்கு நாளை காலேஜில் செமினார். ‘நிலவுடைமைச் சமூகத்தில் சீன அரச வம்சங்களின் தொடர்ச்சி.’ ஐந்து நிமிடம் பேச வேண்டும். இப்போதுதான் சொல்கிறாள்.

தணிகாசலம் 8:11
முதலில் தலைப்பே இடிக்கிறது அம்மா. அரசன் சொந்தபந்தங்களுக்கு ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்து, அவர்கள் பரம்பரையாக ஆள்வதுதான் நிலவுடைமை முறை. அது சோவ் வம்சத்தோடு பெரும்பாலும் முடிந்துவிட்டது. கி.மு. 221இல் சின் ஷி ஹுவாங் எல்லாரையும் அடக்கி, நாட்டை 36 மாவட்டமாக்கி, அதிகாரிகளைப் போட்டுவிட்டான். சீனப் பாடப்புத்தகங்களில் 1840 அபினிப் போர் வரைக்கும் நிலவுடைமை என்றே எழுதுவார்கள். அது மார்க்சியக் கணக்கு.

கோமதி 8:12
அண்ணே, வேன்காரர் அட்வான்ஸ் கேட்கிறார். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு எத்தனை தலை?

யாழினி 8:13
தாத்தா வரிசை மட்டும் போதும். ஷாங், சோவ், சின், ஹான். அப்புறம்?

தணிகாசலம் 8:19
கி.பி. 220இல் ஹான் முடிந்து நாடு துண்டு துண்டானது. 581 சுய், 618 தாங், 960 சோங், 1271 குப்லாய் கானின் யுவான், 1368 மிங், 1644 சிங். 1912 பிப்ரவரி 12 அன்று ஆறு வயது அரசன் பூயி பதவி விலகுவதாக ஆணை வந்ததோடு கதை முடிந்தது. ஆனால் இதை ஒப்பித்தால் வகுப்பே தூங்கிவிடும். ஒருவன் கையிலிருந்து இன்னொருவன் கைக்கு எப்படிப் போனது என்று சொல்.

மல்லிகா
முதலில் சின், கடைசியில் சிங்கா? எழுத்துப்பிழை இல்லையே?

சரவணன்
நாங்கள் 4 பேர். வருவதாக இருந்தால்.

கோமதி
இருந்தால் என்றால்?

சரவணன்
பரிவட்டம் யாருக்கு என்று சொல்லுங்கள் அத்தை. பிறகு சொல்கிறேன்.

தணிகாசலம் 8:27
சின், சிங் இரண்டும் வேறு. ‘வானத்தின் ஆணை’ என்று ஒன்று உண்டு, குறித்துக்கொள். ஷாங்கைக் கவிழ்த்த சோவ்காரர்கள் கிளப்பிய பேச்சு. ஆட்சி வானம் கொடுப்பது, கெட்டவனிடமிருந்து பிடுங்கி வேறொருவனுக்குக் கொடுத்துவிடும். ஜெயித்தால் வானம் கொடுத்தது, தோற்றால் கலகக்காரன். பஞ்சம், வெள்ளம் வந்தால் வானம் கைவிட்டது என்று ஊர் பேச ஆரம்பிக்கும். மிங்கைத் தொடங்கிய சூ யுவான்சாங், பஞ்சத்தில் அப்பா அம்மாவைப் பறிகொடுத்துப் பிச்சையெடுத்த பிக்கு!

யாழினி
கதை மாதிரி ஏதாவது?

தணிகாசலம் 8:33
சின் ஷி ஹுவாங் கி.மு. 210இல் பயணத்தில் செத்தான். கூட இருந்த அரண்மனை அதிகாரி சாவ் காவும் அமைச்சர் லி சியும் வெளியே சொல்லவில்லை. வெயில் காலம். நாற்றம் தெரியாமலிருக்க வண்டியில் கருவாட்டை ஏற்றிக்கொண்டு தலைநகருக்கு வந்தார்கள். அதற்குள் அரசன் எழுதியதுபோல் கள்ளக் கடிதம் போட்டு மூத்த மகன் ஃபுசுவைத் தற்கொலை செய்ய வைத்து, இளையவனை உட்கார வைத்தாயிற்று. நாலே வருடத்தில் வம்சம் காலி.

கோமதி
கருவாடு என்றதும் ஞாபகம் வருகிறது. வியாழக்கிழமை யாரும் கவிச்சி ஆக்காதீர்கள்.

மல்லிகா
சரி அத்தை.

தணிகாசலம் 8:46
யோங்லே கதை இன்னும் நன்றாக இருக்கும். மிங் முதல் அரசனின் மூத்த மகன் அப்பாவுக்கு முன்பே இறந்துவிட்டான். அதனால் 1398இல் பேரன் ஜியான்வென் பட்டத்துக்கு வந்தான். சித்தப்பா சூ டி பீஜிங் பக்கம் படையோடு இருந்தவர். மூன்று வருடச் சண்டை. 1402இல் நான்ஜிங் அரண்மனை எரிந்தது. பையன் உடல் அதுதானா என்று இன்றுவரை சண்டை. சித்தப்பா யோங்லே என்ற பெயரில் உட்கார்ந்தார். அதோடு விடவில்லை. அண்ணன் மகன் ஆண்ட வருடங்களே கணக்கில் இல்லை. 1402ஐ செத்துப்போன அப்பாவின் 35ஆம் ஆட்சியாண்டு என்று எழுத வைத்தார்.

சரவணன் 8:47
நம் வாசல் கல்லில் அப்பா பேர் போன மாதிரி.

மல்லிகா
அண்ணா.

செல்வராசு 8:52
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வராசு 8:55
பூச்சு வேலையில் கல் உடைந்தது. எத்தனை தடவை சொல்வது? அந்த யோங்லேதான் பீஜிங் அரண்மனையைக் கட்டினார், கூகுளில் பார்த்தேன். ஒழுகுகிற வீட்டுக்கு ஓடு மாற்றியது யார் என்றும் யாராவது எழுதலாம்.

சரவணன்
பட்டா யார் பேரில் என்றும் எழுதலாம் சித்தப்பா.

கோமதி
17 சீட்டா, 21 சீட்டா?

தணிகாசலம் 9:03
தம்பி சொன்னது சரி. 1406இல் தொடங்கி 1420இல் முடித்தார், மறு வருடம் தலைநகரையே மாற்றினார். கடற்படைத் தளபதி செங் ஹவைக் கப்பல்களோடு அனுப்பியதும் அவர்தான். அதில் ஒரு கல்வெட்டு, 1409 தேதி போட்டது, இலங்கையில் காலி நகரில் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே கல்லில். தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் காணிக்கை கொடுத்ததைச் சொல்கிறது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யாழினி, இதைக் கட்டாயம் சொல்.

யாழினி
இது சூப்பர் தாத்தா. படம் போடுகிறேன்.

சரவணன்
அந்தக் கல்லாவது உடையாமல் இருக்கிறதே.

செல்வராசு 9:10
நம் கல்லும் இருக்கிறது. இரண்டு துண்டு. கொட்டகையில் வைக்கோலுக்குப் பின்னால். பெயர் தெரியும். வந்து பார்க்கட்டும்.

கோமதி
தம்பி, இதை இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?

செல்வராசு
கேட்டால்தானே.

சரவணன் 9:24
இப்போதைக்கு 3 என்று போடுங்கள் அத்தை. நான் நாளை சொல்கிறேன்.

கோமதி
பரிவட்டம்?

மல்லிகா
பூசாரியிடம் கேட்டுக்கொள்ளலாமே.

செல்வராசு
பூசாரி என்ன சொல்வார். பார்ப்போம்.

தணிகாசலம் 9:31
இந்தச் சண்டையெல்லாம் வரக்கூடாது என்றுதான் சிங் அரசன் யோங்செங் ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் அப்பா காங்சி பட்டத்து இளவரசனை இரண்டு தடவை பதவியிறக்கியவர், பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். அதனால் இவர் வாரிசு பெயரை எழுதிப் பெட்டியில் பூட்டி, அரண்மனையில் ஒரு பெயர்ப்பலகைக்குப் பின்னால் வைத்தார். இன்னொரு பிரதி தன்னிடம். அரசன் செத்த பிறகு இரண்டையும் ஒத்துப் பார்க்க

தணிகாசலம் 9:32
வேண்டும். விரல் பட்டுப் போய்விட்டது. இன்னும் இருக்கிறது, வூ செத்தியன் என்ற பெண்ணரசி பற்றி

யாழினி
தாத்தா, ஐந்து நிமிடம்தான்.