அம்மாவின் பெட்டியில் ஒரு டாலெக்

குரூப்: உறையூர் வீடு

செல்வி (கார்டிஃப், பிரிட்டன்): அம்மா வெள்ளிக்கிழமை கிளம்புகிறாள், அதற்குள் ஓர் உதவி வேண்டும். 14ஆம் தேதி நித்தி பிறந்தநாளுக்கு வருகிற பிள்ளைகள் எல்லாம் டாக்டர் ஹூ வேஷத்தில் வருகிறார்கள். இங்கே கடையில் சொல்கிற விலைக்கு நான் கூடுதலாக ஒரு நைட் டியூட்டி பார்க்க வேண்டும். நம் டெய்லர் பாய் தைத்துத் தருவாரா?

குமார்: தருவார். அளவு அனுப்பு அக்கா

மைதிலி அண்ணி: டாக்டர் வேஷம்தானே, ஹரிணி ஸ்கூலில் போட்ட வெள்ளைக் கோட்டு சும்மா கிடக்கிறது

செல்வி: அந்த டாக்டர் இல்லை அண்ணி 😭

ராஜா மாமா: நான் சொல்கிறேன் மைதிலி. இது பிபிசியில் 1963 நவம்பர் 23இல் ஆரம்பித்த தொடர், கென்னடி சுடப்பட்டதற்கு மறுநாள். டாக்டர் என்பவர் வேற்றுக்கிரகவாசி, காலத்தில் முன்னும் பின்னும் போவார். வண்டி ஒரு நீலப் போலீஸ் டெலிபோன் பெட்டி, உள்ளே நுழைந்தால் கல்யாண மண்டபம் மாதிரி விரியும். முதல் கதையை இயக்கியவர் வாரிஸ் ஹுசைன், லக்னோவில் பிறந்தவர், இதை யாரும் சொல்லமாட்டார்கள். முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னலுக்கு உடம்பு முடியாமல் போனதும் 1966இல் என்ன செய்தார்கள் தெரியுமா, டாக்டருக்குச் சாவு வந்தால் உடம்பே புதிதாக மாறிவிடும் என்று வைத்துவிட்டார்கள். அப்புறம் யார் வேண்டுமானாலும் டாக்டர். 1989இல் நிறுத்தி, 2005இல் மறுபடி தொடங்கியதிலிருந்து படப்பிடிப்பு நம் செல்வி ஊரில்தான்.

சேகர்: 🙏

குமார்: மாமா மூன்று மாதம் கார்டிஃப் போய் டிவி பார்த்துவிட்டு வந்தார்

ராஜா மாமா: கார்டிஃப் கோட்டையையும் பார்த்தேன். போட்டோ அனுப்பினேன். ஒருவரும் ஒரு லைக் போடவில்லை.

செல்வி: நித்திக்கு டாலெக் வேண்டுமாம்

ராஜா மாமா: அப்படிச் சொல்லு. டாலெக்தான் டாக்டரின் பரம எதிரி. அதை எழுதிய டெர்ரி நேஷன் கார்டிஃப்காரர். உருவம் கொடுத்தவர் ரேமண்ட் குஸிக். கீழே பாவாடை மாதிரி இருக்கும், அதில் 56 அரை உருண்டைகள் வரிசையாக.

குமார்: இட்லித் தட்டு கவிழ்த்து ஒட்டிவிடலாம்

ராஜா மாமா: சிரிக்காதே. ஒரு கை துப்பாக்கி. இன்னொரு கை, சிங்க் அடைத்தால் அமுக்கி எடுப்போமே, ரப்பர் கிண்ணம் வைத்த கம்பு, அதேதான். அந்தக் காலத்தில் உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்து காலால் தள்ளிக்கொண்டு போவார். மாடிப்படி ஏறத் தெரியாத அரக்கன் என்று ஊரே கேலி செய்தது. 1988இல்தான் படியேறிக் காட்டினார்கள்.

அம்மா: பிறந்தநாள் அதுவுமாகப் பிள்ளை அரக்கனாக நிற்க வேண்டுமா. கிருஷ்ணன் வேஷம் போடு

செல்வி: அம்மா 🙄

அம்மா: ஊறுகாய் எத்தனை கிலோ வைக்கட்டும்

மைதிலி அண்ணி: மாவடு கார்டிஃப் வரைக்கும் போகிறது. சென்னைக்கு வர மட்டும் வழி தெரியவில்லை

குமார்: ஆரம்பித்துவிட்டது

ராஜா மாமா: ஊறுகாய் என்றதும் ஞாபகம் வருகிறது, 2005இல் ஸ்லிதீன் என்று ஒரு கூட்டம் வரும். அது இனத்தின் பெயர் இல்லை, குடும்பப் பெயர். குண்டான மந்திரி, அதிகாரிகளின் தோலுக்குள் ஒளிந்திருக்கும். நெற்றியில் ஜிப். உள்ளே அடைந்து கிடப்பதால் ஓயாமல் குசு விடும். அதை எதால் கொன்றார்கள் என்கிறீர்கள்? வினிகர் ஊறுகாய்! ஜாடியோடு ஊற்றினார்கள், வெடித்துச் சிதறிவிட்டது.

குமார்: ஓயாமல் என்றால் நம் குடும்பப் பெயரும் அதுதான்

சேகர்: 😂😂

அம்மா: நம் மாவடுவில் வினிகர் கிடையாது

செல்வி: இரண்டு கிலோ போதும். அண்ணிக்கும் எடுத்து வை. டாலெக்குக்கு அட்டை, உருண்டை எல்லாம் இங்கே பார்த்துக்கொள்கிறேன், தங்கக் கலர் சாட்டின் பாவாடை மட்டும் தைத்தால் போதும்

அம்மா: ஆண் பிள்ளைக்குப் பாவாடையா

குமார்: சிலை மாதிரி ஒன்று வருமே மாமா, அது சுலபம், சாம்பல் கலர் பெயிண்ட்

ராஜா மாமா: அழும் தேவதைகள், 2007. பார்த்துக்கொண்டே இருந்தால் கல். இமைத்தால் கிட்டே வந்துவிடும்.

மைதிலி அண்ணி: அடுப்பில் வைத்த பால்

ராஜா மாமா: அதேதான் மைதிலி!! மூன்று மாதமாக இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தேன். இன்னொன்று, நித்தி முதலில் கேட்டது டாலெக் இல்லை. நான் அங்கே இருந்தபோது 2018இல் வந்த பஞ்சாப் கதையைச் சேர்ந்து பார்த்தோம், 1947 பிரிவினை நேரம், ஒரே வீட்டில் அண்ணன் தம்பி பகை. அதில் தீஜாரியன் என்று இரண்டு பேர், பார்க்கவே பயமாக இருப்பார்கள். கொல்ல வந்தவர்கள் என்றுதான் டாக்டரே நினைப்பார். ஒரு காலத்தில் கொலைகாரர்கள்தான். ஊருக்குத் திரும்பினால் கிரகமே சாம்பல், செத்தவர்களுக்காக அழ ஒரு ஆள் மிச்சமில்லை. அதிலிருந்து, துணையில்லாமல் சாகிறவர்கள் எங்கே இருந்தாலும் போய்ப் பக்கத்தில் நிற்பதுதான் அவர்கள் வேலை. நித்தி என்னிடம், தாத்தா பக்கத்திலும் நின்றிருப்பார்களா என்று கேட்டான்.

(20 நிமிடம் யாரும் எதுவும் எழுதவில்லை)

சேகர்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி: படித்துவிட்டேன் அண்ணா

செல்வி: அந்த மே மாதம் வார்டுக்குள் நீங்கள் இரண்டு பேருமே போக முடியவில்லை. நான் வந்திருந்தாலும் வாசலில்தான் நின்றிருப்பேன்

சேகர்: உன்னைச் சொல்லவில்லை

செல்வி: சரி

அம்மா: நர்ஸ் பொண்ணு ஒன்று கையைப் பிடித்துக்கொண்டிருந்ததாம். அப்புறம் போன் செய்து சொன்னாள். உங்களிடம் சொன்னேனா இல்லையா

குமார்: சொல்லவில்லை

அம்மா: மலையாளத்துப் பெண்

மைதிலி அண்ணி: அத்தை 🙏

குமார்: ரப்பர் கம்பு 120 சொல்கிறான். வாங்கவா

செல்வி: அது இங்கே பாத்ரூமிலேயே இருக்கிறது

மைதிலி அண்ணி: 😷

அம்மா: வெள்ளையாகக் கொழுக்கட்டை மாதிரி ஒன்று, ராஜா போனில் காட்டினானே. அதைத் தை. மங்களகரமாக இருந்தது

ராஜா மாமா: அடிபோஸ் அக்கா, 2008. ஒரு மெலியும் மாத்திரை, விழுங்கினால் ராத்திரி உடம்புக் கொழுப்பு குட்டி குட்டியாகப் பிரிந்து தானே நடந்து வெளியே போய்விடும், கை ஆட்டிவிட்டு.

மைதிலி அண்ணி: அந்த மாத்திரை எங்கே கிடைக்கும்

சேகர்: எனக்கும் ஒரு அட்டை

அம்மா: பெட்டி எடை பார்த்தேன், 24 வருகிறது. 23தான் விடுவான்

குமார்: ஊறுகாயைக் குறை

அம்மா: புத்தகத்தை எடுத்துவிடுகிறேன்

செல்வி: அது என் புத்தகம் அம்மா

குமார்: பாய் கடையில் நிற்கிறேன். டாலெக்கா, கொழுக்கட்டையா, அந்தப் பஞ்சாப் ஆளா? சீக்கிரம் சொல்லுங்கள், ஒன்றரை மணிக்குக் கடை சாத்துகிறார்

குமார்: அக்கா?

ராஜா மாமா: டியூட்டிக்குப் போயிருப்பாள். கொஞ்சம் இரு, நித்தியிடமே கேட்கிறேன்

குமார்: அங்கே இப்போது காலை எட்டரை, ஸ்கூலுக்குப் போயிருப்பான் மாமா. பாய் கேட்கிறார், எதுவாக இருந்தாலும் கை முழுக்கையா அரைக்கையா