ஜாம் ஆகி நின்ற வண்டியைத் திறந்தபோது உள்ளே வேறு கதை இருந்த அனுபவம் உண்டா?

நாகலூர்க்காரன்:

மூன்று வாரமாக மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். வண்டி புல்டாக்கோ ஷெர்பா டி. தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஸ்பெயின் வண்டி, 244 சிசி டூ ஸ்ட்ரோக், காலைக் கீழே ஊன்றாமல் பாறை மேல் ஏற்றும் ட்ரையல் போட்டிக்கென்றே செய்தது, சாம்மி மில்லர் 1965-ல் ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் ட்ரையலை ஜெயித்தது இந்த மாடலில்தான். இது ஏற்காட்டுக்கு எப்படி வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள், ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

எஸ்டேட் குடோனில் காபி சாக்குகளுக்குப் பின்னால் கிடந்தது. அப்பா சின்ன வயதில் அந்த பங்களாவில் வண்டி துடைக்கும் பையன், பிற்பாடு அங்கேயே கணக்கு எழுதினார். எஸ்டேட் கைமாறியபோது பழைய இரும்பு விலைக்கு எனக்குக் கிடைத்தது.

கிக்கர் இறங்கவில்லை. மேலே ஏறி நின்றேன், அப்போதும் இல்லை. பிளக் ஓட்டை வழியாக டீசலும் பவர் ஸ்டியரிங் ஆயிலும் கலந்து ஊற்றி 12 நாள் ஊறவைத்தேன். ஊற்றியதில் பாதி, சைலன்சருக்குள் இருந்த குளவி மண்ணோடு சேறாக வெளியே ஒழுகியது. அதற்கு மேல் என் கைக்கு அடங்காது என்று இன்ஜினை இறக்கி செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். அவர் ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரைப் பிஸ்டனோடு சேர்த்து எவ்வளவு வருமோ அவ்வளவு தூக்கி, அடியில் இரண்டு மரக்கட்டை கொடுத்து, வெளிப்பக்கம் மட்டும் சூடு காட்டி, பிஸ்டன் தலையில் ஒரு வேப்பங்கட்டையை வைத்துத் தட்டினார். ஓங்கி அடிக்கவில்லை, கதவைத் தட்டுவது போல. பத்துப் பதினைந்து தட்டு. அப்புறம் 'டொக்' என்று ஒரு சத்தம், பிஸ்டன் ஒரு நூல் இறங்கியது.

எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. பிஸ்டன் வெளியே வந்ததும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சைலன்சர் பக்கம் ரிங்குக்குக் கீழே நெடுக இழுத்த கோடுகள், ஒரு ரிங் அதன் பள்ளத்திலேயே ஒட்டிப்போயிருந்தது. சிலிண்டரின் உள்சுவரான லைனருக்குள் ஈயம் பூசியது போல அலுமினியம் அப்பியிருந்தது, துரு அதற்கு மேல்தான். கட்டைவிரல் நகத்தால் சுரண்டிக் காட்டிவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது நின்னு துருப்புடிச்சது இல்ல. ஓடும்போதே புடிச்சது. யாரு ஓட்டுனது?"

விஷயம் இதுதான். பையன் கிக்கரைக் கண்டபடி மிதித்து இன்ஜினைக் கெடுத்துவிட்டான் என்று அப்பாவுக்கு அன்றைக்கு இரண்டு மாதச் சம்பளத்தைப் பிடித்தார்கள். எங்கள் வீட்டில் அது ஒரு வேடிக்கைக் கதை, அப்பாவே சிரித்துக்கொண்டு சொல்வார். அவருக்கு ஓட்டவே தெரியாது. இப்போது வயது 71. பிஸ்டன் என் மேசை டிராயரில் இருக்கிறது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

பதினாலாவது வளைவு:

ஓடும்போதே பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்தது என்றால் நான் எங்கே என்றும் சொல்லிவிடுவேன், காட் ரோட்டில் இறங்கும்போது. என் யெஸ்டி அப்படித்தான் பிடித்தது. ஏற்காட்டிலிருந்து அடிவாரத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவு, பிரேக் சூடாகக் கூடாது என்று இரண்டாவது கியரில் போட்டு ஆக்சிலேட்டரை முழுக்க மூடிவிட்டு இறங்கினேன், புத்திசாலித்தனம் என்று நினைப்பு. ஆயிலைப் பெட்ரோலில் கலந்து ஊற்றுகிற வண்டியில் ஆக்சிலேட்டரை மூடினால் பெட்ரோலோடு சேர்ந்து ஆயிலும் நின்றுவிடும், ஆனால் பின் சக்கரம் தள்ளுவதால் இன்ஜின் மட்டும் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டே இருக்கும். ஷெர்பாவும் கலப்பு ஆயில் வண்டி, அதுவும் ட்ரையல் கியர், கொஞ்சம் வேகம் போனாலே இன்ஜின் அலறும்.

14-வது வளைவுக்கு முன்னால் சத்தம் லேசாக மாறியது. என்ன என்று யோசிப்பதற்குள் பின் டயர் கீச்சென்று இழுத்துக்கொண்டு போகிறது, கிளட்ச் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வரவில்லை, கைப்பிடிச் சுவருக்கு இரண்டடி இருக்கும்போது நின்றேன். அப்புறம் ஒரு அமைதி. சுவர் மேல் உட்கார்ந்திருந்த குரங்கு ஒன்று தின்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தது. மேலே போன பஸ்காரர் ஜன்னலில் தலையை நீட்டி ஏதோ சொன்னார், காதில் விழவில்லை.

அரை மணி நேரம் கழித்து அதே வண்டி ஒரே மிதியில் ஸ்டார்ட் ஆனது, அதுதான் கொடுமை. யெஸ்டியில் கிக்கரும் கியர் லீவரும் ஒன்றுதான் என்பது தெரியும்தானே, அந்த லீவரை மிதிக்கும்போது கால் நடுங்கியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. இன்றைக்கும் இறக்கத்தில் என் இடது கையில் இரண்டு விரல் கிளட்ச் மேலேயே இருக்கும், காரில் போனால்கூட விரல் தானாக மடங்குகிறது.

பம்புசெட்:

மெக்கானிக் செய்தது தப்பு. பிஸ்டன் தலையில் தட்டவே கூடாது. வாழப்பாடிப் பக்கம் எங்கள் தோட்டத்து 5 எச்.பி. டீசல் இன்ஜின் கிணற்று வெள்ளத்தில் முழுகி ஜாம் ஆனபோது கிரீஸ் கன் வைத்தே எடுத்தேன், ஒரு அடி அடிக்கவில்லை.

அதனால் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் அசிட்டோனும் பவர் ஸ்டியரிங் ஆயிலும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள், டீசல் எல்லாம் மெதுவாகத்தான் இறங்கும். அசிட்டோன் ஆவியாகிவிடும் என்பதால் தினமும் ஊற்ற வேண்டும், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. ஒரு வாரம் கழித்து பிளக் ஓட்டைக்குப் பொருந்துகிற மாதிரி பழைய பிளக்கை உடைத்து அதில் கிரீஸ் நிப்பிள் வைத்து வெல்டிங் செய்து மாட்டுங்கள். கிரீஸ் கன்னை நிதானமாக அழுத்துங்கள். கிரீஸ் அழுத்தம் தலை முழுக்க ஒரே சீராகப் போகும், கட்டை மாதிரி ஒரு இடத்தில் மட்டும் குத்தாது. பிஸ்டன் தானாக இறங்கும். பிறகு மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிவிடலாம். அவசரப்படுகிறவன் கையில் இன்ஜினைக் கொடுக்கக் கூடாது, ஐம்பது வருடம் காத்திருந்த வண்டி இன்னும் ஒரு மாதம் காத்திருக்காதா?

லேத் பட்டறை:

பம்புசெட் அண்ணா, கோபித்துக்கொள்ள வேண்டாம். டீசல் இன்ஜினில் வால்வு இரண்டும் மூடியிருந்தால் கிரீஸுக்குப் போக வேறு வழியில்லை, பிஸ்டனைத் தள்ளும். டூ ஸ்ட்ரோக்கில் வால்வே கிடையாது, சிலிண்டர் சுவரிலேயே ஓட்டை. அவர் முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார், ஊற்றியதில் பாதி சைலன்சர் வழியாக வந்தது என்று. என்ன அர்த்தம்? பிஸ்டன் கீழே நிற்கிறது, எக்ஸாஸ்ட் ஓட்டை திறந்திருக்கிறது. கிலோ கணக்கில் கிரீஸ் அடித்தாலும் சைலன்சருக்கும் பிஸ்டனுக்கு அடியில் இருக்கும் கிராங்க் கேஸுக்கும்தான் போகும், அதை வழித்தெடுக்க இன்னொரு வாரம். பிஸ்டன் மேலே, எல்லா ஓட்டையையும் மூடிக்கொண்டு நின்றால் கொஞ்ச தூரத்துக்கு உங்கள் முறை வேலை செய்யும், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டைக்காரர் சரியாகத்தான் செய்திருக்கிறார். வெளியே மட்டும் சூடு, அதுதான் சூட்சுமம். பிஸ்டன் அலுமினியம், லைனர் இரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், உள்ளே சூடு ஏறவிட்டால் இன்னும் இறுகும்.

நான் பட்டது வேறு. ஆர்.எக்ஸ். 100 ஒன்று, பாதி ஜாம். சிலிண்டர் பிளாக் வரவில்லை என்று வண்டிக்காரரே இடமும் வலமுமாகத் திருகினார். வேண்டாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். டூ ஸ்ட்ரோக்கில் ரிங் வாய், அதாவது ரிங்கின் இரண்டு முனையும் சந்திக்கிற இடம், நகராமல் இருக்க ஒரு ஊசி வைத்திருப்பார்கள், ஓட்டைக்கு நேராக ரிங் வாய் வரவே கூடாது, திருகினால் வரும். உடைந்த துண்டு அரிசிக் குறுணை அளவுதான் இருக்கும், கிராங்க் கேஸுக்குள் போய்விட்டது. அதற்காக இன்ஜினை முழுக்கப் பிரித்தோம். அந்த 'டிக்' இன்னும் கேட்கிறது.

பம்புசெட்:

நான் பொதுவாகச் சொன்னேன். டூ ஸ்ட்ரோக்குக்கு என்று சொல்லவில்லை.

அம்மாபேட்டைத் தறி:

எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது, ஆனால் நாகலூர்க்காரர் எழுதியதைப் படித்ததும் சொல்லத் தோன்றியது. 1994, எங்கள் வீட்டில் டி.வி.எஸ். 50, அப்பா பாவு கட்டி எடுத்துப் போகிற வண்டி. நான் ஒன்பதாவது. பெட்ரோல் போட்டு வா என்று அனுப்பினார், பங்கில் ஆயில் எவ்வளவு என்று கேட்டார்கள், ஆயிலுக்கான காசில் நான் ஜிகர்தண்டா குடித்துவிட்டு வெறும் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தேன். மறுநாள் தம்பி அதை எடுத்துக்கொண்டு கொண்டலாம்பட்டி வரைக்கும் போனான், தள்ளிக்கொண்டு வந்தான்.

அப்பா ஸ்டாண்டு போட்டுப் பெடலை மிதித்தார், அசையவில்லை. திரும்பினார், தம்பிக்கு ஒரு அறை. நான் திண்ணையில் தறி நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. தம்பிக்கு இப்போது 40 தாண்டிவிட்டது, இன்னும் சொல்லவில்லை. பிஸ்டன் காட்டிக்கொடுக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது, மெக்கானிக்கும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, அல்லது கண்டுபிடித்தும் பேசாமல் இருந்தாரோ என்னவோ.

நாகலூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. லேத் பட்டறை அண்ணா சொன்னது சரி, பிஸ்டன் கீழேதான் நின்றது.

அம்மாபேட்டை அக்கா எழுதியதைப் படித்த அன்று ராத்திரியே பிஸ்டனை எடுத்துப்போய் அப்பா முன்னால் வைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். கோடுகள் மேல் விரலை ஓட்டினார். மெக்கானிக் சொன்னதைச் சொன்னேன், 14-வது வளைவுக்காரர் எழுதியதையும் சொன்னேன். எஸ்டேட் துரை எங்கே போய்விட்டு வந்தார் அன்றைக்கு என்று கேட்டேன்.

"சேலத்துக்குப் போனாரு. லாரியிலதான் வண்டி வந்துச்சு. இறக்கும்போதே சக்கரம் உருளலடா, கியர்ல மாட்டி நின்னுச்சு. நான்தான் கிளட்சைப் புடிச்சுத் தள்ளிட்டுப் போயி குடோன்ல விட்டேன்" என்றார்.

அப்படியென்றால் உங்களுக்கு அன்றைக்கே தெரியுமா என்றேன். தெரியும் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிஸ்டனை என் கையில் கொடுத்துவிட்டு, "இது அளவுக்கு ரிங் கிடைக்குமா, சிலிண்டர் போர் போட எவ்வளவு கேக்கறாங்க?" என்றார்.

ஸ்பெயினிலும் இங்கிலாந்திலும் ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்கிறது. மூல அளவு 72 மில்லிமீட்டர், துருப் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று அளந்த பிறகுதான் எந்த சைஸ் என்று தெரியும், அதற்கு முன் லைனரில் அப்பிய அலுமினியம் போக வேண்டும். மெக்கானிக் ஆசிட் என்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது, லைனருக்கு வெளியே இருப்பதும் அலுமினியம்தானே. லேத் பட்டறை அண்ணா, ஞாயிற்றுக்கிழமை பட்டறை திறந்திருக்குமா? அப்பாவும் வருகிறேன் என்கிறார்.