மாருதியில் ஸ்டியரிங் ரேக் கழன்று வரவில்லை, அவசரம்

செம்மண்சாலை:
வணக்கம். ஸ்டியரிங் ரேக் (ஸ்டியரிங் திருப்புவதை முன்சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் பல்தண்டு) மாற்றிக்கொண்டிருக்கிறேன். ரேக்கைச் சக்கரங்களோடு இணைக்கும் டை ராடு எண்ட் இரண்டும் கழற்றியாகிவிட்டது, ரேக்கைப் பிடித்திருக்கும் கிளாம்ப்புகளும் வந்துவிட்டன. ஸ்டியரிங் தண்டு வந்து சேரும் ஜாயின்ட்டில் போல்ட்டை உருவிவிட்டேன். ஆனாலும் ஜாயின்ட் அசைய மறுக்கிறது. சுத்தியலால் தட்டியும் பயனில்லை. திங்கள்கிழமை வண்டி கட்டாயம் வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

மலைப்பாதை:
மாருதி என்றால் எது? 800-ஆ, ஜென்னா, எஸ்டீமா, ஆம்னியா? எந்த வருட மாடல்? பவர் ஸ்டியரிங் உண்டா?

துருவேட்டை:
எந்த வண்டியாக இருந்தாலும் துருதான் காரணம். துரு இளக்கும் எண்ணெயைப் ஜாயின்ட்டின் பல்வரிசையில் அடித்து இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காலையில் தானாக வரும். கிடைக்காவிட்டால் மண்ணெண்ணெய் போதும்.

வெள்ளைஸ்விஃப்ட்:
முதலில் பேட்டரியைக் கழற்றினீர்களா? ஜாயின்ட் பிரிந்த பிறகு ஸ்டியரிங் வீல் இஷ்டத்துக்குச் சுற்றினால் ஏர்பேக்குக்குப் போகும் சுருள் கம்பி அறுந்துவிடும். என் வண்டியில் அறுந்து, அதற்கே பெரும் செலவாகிவிட்டது.

பழையஇரும்பு (மூத்த உறுப்பினர்):
தம்பி, ரேக்கை எதற்காக மாற்றுகிறீர்கள் என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை. வேகத்தடையில் கடகடவென்று சத்தம் வந்தால் எல்லோருக்கும் உடனே ரேக் போய்விட்டது. முன்சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தின் மூன்று, ஒன்பது இருக்கும் இடங்களில் கைவைத்து ஆட்டிப் பார்த்தீர்களா? அங்கே ஆட்டம் இருந்தால் டை ராடு பக்கம். பன்னிரண்டு, ஆறில் ஆடினால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட் (பந்து மூட்டு). ரேக்கைப் பிடிக்கும் ரப்பர் புஷ் நைந்திருந்தாலும் இதே சத்தம்தான் வரும். அடிப்படை தெரியாமல் ஸ்பானரைத் தூக்குவதுதான் இப்போதைய வழக்கம். எங்கள் காலத்து அம்பாசடரில் இந்தத் தொல்லையே கிடையாது. அதில் ரேக்கே இல்லை, உறுதியான ஸ்டியரிங் பாக்ஸ்.

மலைப்பாதை:
ஐயா, அம்பாசடரிலும் ரேக் அண்ட் பினியன்தான், அதாவது ரேக்கும் அதை நகர்த்தும் சிறு பல்சக்கரமும். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் சீரீஸ் 3-லிருந்து பிறந்த வண்டி அது. திருகுப் பல் கொண்ட வார்ம் வகை பாக்ஸ் இருந்தது பிரீமியர் பத்மினியில்.

பழையஇரும்பு (மூத்த உறுப்பினர்):
நான் பொதுவாகப் பழைய வண்டிகளைச் சொன்னேன். பத்மினியும் பழைய வண்டிதான்.

கிண்டிகாரர்:
பத்மினியின் ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பியே என் மாமாவுக்குத் தோள் இறங்கிவிட்டது. அந்த உறுதி எங்களுக்கு வேண்டாம் ஐயா.

செம்மண்சாலை:
800, 1997 மாடல். பவர் ஸ்டியரிங் இல்லை. மூன்று, ஒன்பதில் ஆட்டம் இருக்கிறது, ரேக்கின் ஓரத்து ரப்பர் பூட் கிழிந்து உள்ளே சேறு புகுந்திருக்கிறது. புது ரேக் வாங்கி வைத்தாகிவிட்டது. எண்ணெய் அடித்துப் பார்த்தேன், வரவில்லை.

மலைப்பாதை:
பூட் கிழிந்து சேறு போயிருந்தால் மாற்றுவதுதான் சரி. 97 மாடல் 800-இல் ஏர்பேக் கிடையாது, சுருள் கம்பிக் கவலையை விட்டுவிடுங்கள். அந்த ஜாயின்ட்டில் மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட். நீங்கள் உருவியது எது? பினியன் தண்டைக் கவ்வுவது கீழே உள்ளது. அதைத் தளர்த்தினால் மட்டும் போதாது. பினியன் தண்டில் ஒரு பள்ளம் உண்டு, போல்ட்டின் உடல் அதற்குள் குறுக்காகக் கிடக்கும். முழுவதும் வெளியே எடுக்காதவரை எத்தனை அடித்தாலும் வராது. எடுத்த பிறகும் இறுகியிருந்தால் ஜாயின்ட்டின் பிளவில் தட்டை உளியை மெதுவாக நுழைத்து லேசாக விரியுங்கள். பினியனை நேராகச் சுத்தியலால் அடிக்காதீர்கள்.

துருவேட்டை:
பள்ளம் இருந்தாலும் துரு துருதான்.

கிண்டிகாரர்:
வண்டி எதன்மேல் நிற்கிறது? ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்ட் இல்லாவிட்டால் தடித்த மரக்கட்டையாவது கொடுங்கள். இன்னொன்று, பழைய டை ராடு எண்ட் எத்தனை சுற்றில் வெளியே வந்தது என்று எண்ணி வைத்தீர்களா? புது ரேக்கில் ஏறக்குறைய அதே அளவுக்கு ஏற்றினால்தான் சக்கரக் கோணம் சரிசெய்யும் அலைன்மென்ட் கடை வரைக்குமாவது ஒழுங்காக ஓட்டிப் போகலாம்.

பழையஇரும்பு (மூத்த உறுப்பினர்):
புது ரேக் எந்தத் தயாரிப்பு? சந்தையில் பாதி போலி. பழைய ரேக்கையே புஷ் மாற்றி, கிரீஸ் வைத்து, ரேக்கைப் பினியனோடு அழுத்தும் திருகைச் சரிசெய்தால் பத்து வருடம் ஓடும்.

மலைப்பாதை:
தேய்ந்த பல்லில் அந்தத் திருகை இறுக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பல் தேய்வது நடுப்பகுதியில்தான், நேராக ஓட்டும் நேரம்தான் அதிகம். நடுவில் ஆட்டம் போகும்வரை இறுக்கினால் ஓரங்களில் பிடிக்கும். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது.

பழையஇரும்பு (மூத்த உறுப்பினர்):
அளவறிந்து இறுக்கத் தெரிந்தவர்களுக்குப் பிடிக்காது. தெரியாதவர்கள் புதிது வாங்கிக்கொள்ளலாம், கடைக்காரர்களும் பிழைக்க வேண்டுமே.

செம்மண்சாலை:
வந்துவிட்டது. கீழ் போல்ட்தான். புதிதை மாட்டிவிட்டேன், மலைப்பாதை அண்ணாவுக்கு நன்றி. இப்போது வண்டி நேராக ஓடும்போது ஸ்டியரிங் வீல் இடது பக்கம் சாய்ந்து நிற்கிறது. வீலைக் கழற்றி நேராக மாட்டிவிடலாமா?

மலைப்பாதை:
வேண்டாம். ஸ்டியரிங் வீலின் இடத்தை மாற்றினால் இண்டிகேட்டர் தானாக அணைவதும் ஒரு பக்கம் முன்பின்னாகிவிடும். முன்பக்கத்தைத் தூக்கி, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பி எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். அதில் சரிபாதியில் நிறுத்தினால் ரேக் நடுவில் இருக்கும். அப்போது சக்கரங்கள் நேராக இருந்து வீல் மட்டும் சாய்ந்திருந்தால், ஜாயின்ட்டைப் பினியனில் ஒரு பல் நகர்த்தி மாட்டுங்கள். வீல் நேராக இருந்து சக்கரங்கள் கோணியிருந்தால் டை ராடுகளில் ஒன்றைக் கூட்டி மற்றதை அதே அளவு குறைக்க வேண்டும். அதை அலைன்மென்ட் கடையில் விட்டுவிடுங்கள். டை ராடு எண்டுகளின் கேஸில் நட்டுகளில், அவை கழலாமல் தடுக்கும் காட்டர் பின் புதிதாகப் போட்டீர்களா?

வெள்ளைஸ்விஃப்ட்:
பேட்டரியைத் திரும்ப மாட்டினீர்களா?

மலைப்பாதை:
செம்மண்சாலை, காட்டர் பின் பற்றிப் பதில் இல்லை. பழையதையே நிமிர்த்திப் போட்டிருந்தால் இன்றே மாற்றுங்கள். சில ரூபாய்தான்.

துருவேட்டை:
அந்தப் பழைய ரேக்கை எறிந்துவிடாதீர்கள். வெளிக்கூடு நன்றாக இருந்தால் எனக்கு வேண்டும். கூரியர் செலவு என்னுடையது.